அணி என்றொரு வரி

அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிட்ச்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின், பெயர் ஏட்டில் ஏறும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் வெற்றி, இன்னொரு பெயருக்குப் பக்கத்தில் தோல்வி. அணியில் இருபத்தாறு பேர் இருந்தாலும், முந்தைய எட்டு இன்னிங்ஸில் யார் எதைக் கோட்டைவிட்டிருந்தாலும், தோற்றவர் என்று எழுதப்படுவது ஒரே ஆள். அமெரிக்கா வந்த புதிதில் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. சாக்குப்போக்குக்கு இடம் இல்லாத கணக்கு. 2023 அக்டோபரில் ஒரு வாரம் பிலடெல்பியா பில்லீஸ் பேஸ்பால் அணியின் ப்ளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் வெளியேற்றச் சுற்று) ஆட்டங்களையும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான், இந்தக் கணக்கு சரியா என்ற கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்து போகவில்லை. 2025 அக்டோபரில் இன்னொரு பில்லீஸ் ஆட்டம் அதை மறுபடி கிளறிவிட்டது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த இரண்டு அணிகள் ஏன் என்பதற்குக் காரணம் எளிது. மேல்படிப்புக்கு வந்து இறங்கிய ஊர் நெப்ராஸ்காவின் லிங்கன். வேலை கிடைத்துக் குடியேறிய இடம் பிலடெல்பியாவின் புறநகர். வாலிபால் அதற்கும் முன்னாலிருந்தே கூட வருவது. எங்கள் ஊர்க் கோயில் திடலில் பொங்கலுக்கு டியூப்லைட் கட்டி இரவு முழுக்க வாலிபால் டோர்னமென்ட் நடக்கும். அண்ணன் எங்கள் ஊர் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். நான் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போடுபவன். அந்தப் பழக்கத்தோடு வந்தவனுக்கு, 2001-லிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பெண்கள் வாலிபாலுக்கு டிக்கெட் தீர்ந்துபோகும் ஊர் அமைந்தது பெரிய கொடுப்பினை. அந்த 2023-லேயே ஆகஸ்ட் 30 அன்று கால்பந்து மைதானத்தின் நடுவில் கோர்ட் போட்டு ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். பெண்கள் விளையாட்டுக்கு உலகில் எங்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்றார்கள். மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரில் கொஞ்ச நாள் வாழ்ந்தவர்களுக்கு அதில் வியப்பு எதுவும் இருந்திருக்காது.

வியாழனும் வெள்ளியும்

பில்லீஸுக்கு நேஷனல் லீக் இறுதிச் சுற்று. ஜெயித்தால் உலகத் தொடர் என்ற சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்குப் போகலாம். எதிரணி அரிசோனா டைமண்ட்பேக்ஸ். லீக் ஆட்டங்களில் 84 வெற்றி, 78 தோல்வி என்று தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர்கள். முதல் இரண்டு ஆட்டங்களையும் பில்லீஸ் சொந்த ஊரில் 5-3, 10-0 என்று ஜெயித்தாகிவிட்டது. ஏழில் நான்கு ஜெயித்தால் போதும். பிலடெல்பியா முழுக்க உலகத் தொடருக்கு டிக்கெட் விலை விசாரிக்க ஆரம்பித்திருந்த நேரம்.

மூன்றாம் ஆட்டம் ஃபீனிக்ஸில், வியாழக்கிழமை. அரிசோனாவின் இளம் பிட்ச்சர் பிராண்டன் ஃபாட் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். பில்லீஸின் பெரிய மட்டைகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது ஒரே ரன், அதுவும் எதிரணி பந்தைத் தவறவிட்டதில் வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 1-1 என்ற நிலையில் பில்லீஸின் க்ளோசர், அதாவது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்ச்சர், கிரெய்க் கிம்ப்ரெல் வந்தார். அந்த வருஷம் மே மாதம்தான் தன் 400-வது 'சேவ்', அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்த ஆட்டம், எடுத்தவர். அவர் பந்து வீசுமுன் நிற்கும் நிலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இடுப்பை மடக்கி முன்னால் குனிந்து, வலது கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, தொப்பியின் விளிம்புக்குக் கீழிருந்து கேட்சரை உற்றுப் பார்ப்பார். முழங்கை வெளியே மடங்கியிருக்க, விரல்கள் தரையை நோக்கி அசையாமல் நிற்கும். நன்றாக வீசும் நாளில் அந்த நிலையைப் பார்த்தாலே பேட்டருக்கு வயிற்றைக் கலக்கும். அன்று லூர்டெஸ் கூரியெல் ஜூனியருக்கு வாக் (பந்தைத் தவறாக வீசி இலவசமாகக் கொடுக்கும் முதல் பேஸ்) கொடுத்தார், அதில் ஆரம்பித்தது வினை. கடைசியில் கெட்டெல் மார்ட்டே ஒன்றைத் தட்டிவிட, 2-1 என்று ஆட்டம் முடிந்தது. தோற்றவர் என்ற இடத்தில் கிம்ப்ரெல்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எட்டாவது இன்னிங்ஸில் பில்லீஸ் 5-3 என்று முன்னால் இருந்தது. மேலாளர் ராப் தாம்சன் மறுபடி கிம்ப்ரெலைக் கூப்பிட்டார். கூரியெல் இரண்டு பேஸ் போகும்படி அடித்தார். அடுத்து, அடிப்பதற்கென்றே பெஞ்சிலிருந்து வந்த அலெக் தாமஸ் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். 5-5. மார்ட்டே ஒரு பேஸ் எடுத்தார், அடுத்தவர் கார்பின் கேரல் மேல் பந்து பட்டது. தாம்சன் பிட்ச்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டினார், கிம்ப்ரெல் பந்தைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஹோசே அல்வராடோ வந்தார். கேப்ரியல் மொரேனோ அவர் பந்தை அடிக்க, மார்ட்டே ஓடி வந்து வீடு (தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி பேஸ்) சேர்ந்தார். 6-5. ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரிதான்.

இங்கேதான் எனக்குள் அந்தக் கேள்வி முளைத்தது. வெற்றி ரன்னுக்கான அடியைக் கொடுத்தவர் அல்வராடோ. அந்த ரன் எழுதப்பட்டது கிம்ப்ரெல் கணக்கில். ஓட்டக்காரரை பேஸில் ஏற விட்டவர் யாரோ அவர் பெயரில்தான் ரன் என்பது விதி. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பெயருக்கே கரண்ட் பில் வந்துகொண்டிருப்பது மாதிரி. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. அல்வராடோ அந்தக் கூட்டத்தைக் கூட்டி வைக்கவில்லையே. ஆனால் அந்தக் கணத்தில் கிம்ப்ரெல் செய்யக்கூடியது என்று ஏதாவது இருந்ததா? பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயரில் ஒரு தோல்வி எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டு நாளில் இரண்டாவது தோல்வி. அன்றிரவு எங்கள் பகுதியில் யாரும் வேறு பெயரைச் சொல்லவில்லை. முந்தைய நாள் ஒரு ரன்னுக்கு மேல் எடுக்க முடியாமல் போன பேட்டர்கள் எல்லாரும் சுத்தமாகத் தப்பித்துக்கொண்டார்கள்.

அதே வெள்ளி மாலை, இந்த ஆட்டத்துக்குச் சற்று முன்னால், டெக்சாஸில் நடந்த அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றில் இன்னொரு க்ளோசருக்கும் இதே கதி. ரேஞ்சர்ஸின் ஹோசே லெக்லேர்க் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் ஹோசே அல்டூவேயிடம் மூன்று ரன் ஹோம் ரன் (சுவருக்கு அப்பால் போகும் அடி) வாங்கினார், 5-4 என்று தோற்றார்கள். மேலாளர் புரூஸ் போச்சி ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனில் நெருக்கடியான எட்டாவது இன்னிங்ஸில் அதே லெக்லேர்க்கைத்தான் அழைத்தார். நான் போச்சியை மதிப்பதற்கு அவருடைய கோப்பைகளைவிட இது பெரிய காரணம்.

லிங்கனில் சனிக்கிழமை

சனிக்கிழமை பில்லீஸ் 6-1 என்று ஜெயித்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாக ஆடினார்கள். என் மனம் முழுக்க லிங்கனில் இருந்தது. நாட்டின் முதல் இடத்தில் இருந்த விஸ்கான்சினும் இரண்டாம் இடத்தில் இருந்த நெப்ராஸ்காவும் மோதல். இரண்டு அணிகளும் அந்த ஆண்டு அதுவரை தோற்கவே இல்லை. விஸ்கான்சின் என்றாலே நெப்ராஸ்காக்காரர்களுக்கு ஒரு பழைய வலி உண்டு. 2021 தேசிய இறுதி ஆட்டத்தில் ஐந்து செட் ஆடித் தோற்றது அவர்களிடம்தான். அவர்கள் அணியில் அன்னா ஸ்மெரெக் என்று ஒரு பெண். உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். அப்பா மைக் ஸ்மெரெக் கூடைப்பந்தில் லேக்கர்ஸுக்கு ஆடியவர். அந்தக் கை வலைக்கு மேலே எழும்போது எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கு வானம் சுருங்கிவிடும். நெப்ராஸ்காவில் அண்ணனைப் போலப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் பெர்கன் ரைலி அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவி.

வாலிபாலில் பழி பங்கு போடப்படும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சர்வீஸ் வாங்கும் இடத்தைக் கவனித்தால் தெரியும், அதுவும் பிட்ச்சரின் மேடு மாதிரி இரக்கமற்ற இடம்தான். எதிரணிப் பயிற்சியாளர் யார் கை தடுமாறுகிறது என்று பார்ப்பார். அந்தப் பெண்ணையே குறிவைத்துச் சர்வீஸ் வரும். ஒரு பந்து, அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து. அரங்கத்தில் எட்டாயிரம் பேருக்கும் தெரியும் யாரைத் தேடி வருகிறார்கள் என்று. அவளுக்கும் தெரியும். முன்கைகள் இரண்டையும் சேர்த்து நீட்டிக் காத்திருப்பவளின் தோளில் ஒரு விறைப்பு ஏறும். அந்த விறைப்பு வந்துவிட்டால் பந்து செட்டரிடம் போகாமல் பெஞ்சுப் பக்கம் தெறிக்கும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பின்வரிசையில் பந்தைக் காப்பதற்கென்றே வேறு நிறச் சட்டை போட்டு நிற்கும் லிபெரோ, நெப்ராஸ்காவில் அது லெக்சி ரொட்ரீகெஸ், சத்தமில்லாமல் அரை அடி அந்தப் பெண் பக்கம் நகர்ந்து நிற்பார். அந்தப் பக்கத்துப் பெண்ணும் கொஞ்சம் உள்ளே வருவாள். மூன்று பேர் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்த தரையில், தடுமாறுபவளின் பங்கு மெல்லச் சுருங்கும். யாரையும் வெளியே எடுக்கவில்லை. அவள் அங்கேயேதான் நிற்கிறாள், ஆனால் அவள் காக்க வேண்டிய இடம் குறைந்துவிட்டது. எங்கள் ஊர்த் திடலில் அண்ணன் இதை நூறு தடவை செய்து பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமலே. பேஸ்பாலில் இது நடக்கவே முடியாது. கிம்ப்ரெல் கையிலிருந்து கிளம்பும் பந்தில் அரை அங்குலத்தைக்கூட வேறு யாரும் ஏற்றுக்கொள்ள வழியில்லை. அங்கே உதவி என்றால் பந்தைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுப்பது. வாலிபாலில் உதவி என்றால் அரை அடி நகர்ந்து நிற்பது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஆறு பேரும் கோர்ட்டின் நடுவில் கூடிக் கையைத் தட்டிக்கொண்டு பிரிவார்கள். பந்தை வெளியே அடித்தவளும் அந்த வளையத்துக்குள் வந்தாக வேண்டும். தள்ளி நின்று தலையைக் குனிந்துகொள்ள விட மாட்டார்கள். பார்க்கப் பார்க்க இது சடங்கு மாதிரித் தோன்றும். பதினைந்து பாயிண்டுக்கு ஆடும் ஐந்தாவது செட்டில், ஒவ்வொரு பாயிண்டும் கழுத்தை நெரிக்கும்போதுதான் அந்த இரண்டு நொடி எதற்கு என்று புரியும். அன்று ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குத்தான் போனது. நெப்ராஸ்கா 3-2 என்று ஜெயித்தது. நான் கத்திய கத்தலில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து வந்துவிட்டது.

தூக்கம் வராமல் அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை, யார் என்ன செய்தார்கள் என்ற புள்ளிவிவரப் பட்டியலை, திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீராங்கனைகளின் பெயர்கள் வரிசையாக வந்து, கடைசியில் பெயருக்குப் பதிலாக 'அணி' என்று ஒரு வரி. கல்லூரி வாலிபால் பட்டியல்களில் எப்போதும் இருக்கிற வரிதான், நான் கண்ணில் பட்டும் கவனிக்காமல் கடந்துபோனது. சர்வீஸ் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து, யார் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பிழையை எழுதுவதற்கான இடம் அது. எந்தப் பெண்ணின் பெயரிலும் ஏறாது. அணி தவறவிட்டது என்று எழுதுவார்கள்.

பேஸ்பாலில் உயரே எழும்பிய பந்து இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவில், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் தொடாமல் விழுந்தால் என்ன எழுதுவார்கள் தெரியுமா? பெரும்பாலும் ஹிட். பேட்டருக்கு ஒரு ஹிட், பிட்ச்சரின் கணக்கில் ஒரு அடி. பந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. அணிப் பிழை என்ற ஒன்று அந்த ஏட்டில் கிடையவே கிடையாது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிற ஆட்டத்தில், யாருடையது என்று சொல்ல முடியாத தவறுக்கு ஒரு கட்டம் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான் என்று அந்த ராத்திரியில் பிடிபட்டது.

அண்ணன் கட்சி

ஞாயிறு காலை அண்ணனுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராகச் சொன்னார்.

"பேர் எழுதலேன்னா எவன்டா ஓடுவான்? ரெண்டு பேருக்கு நடுவுல பந்து விழுந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியும்ல? யாரு பந்து, யாரு பந்துன்னு சண்டை. அந்தச் சண்டைக்குப் பயந்துதான் அடுத்த பந்துக்கு வாயத் தொறந்து 'எனக்கு'ன்னு கத்துவான். அணி மேல எழுதிட்டீங்கன்னா ரெண்டு பேருமே சும்மா நிப்பான்."

"அப்ப அந்த கிம்ப்ரெல் மேல எல்லாத்தையும் எழுதுனது சரிங்கிறீங்களாண்ணே?"

"அது வேற. அவன் பந்து அவன் பந்துதான். ஆனா அதுக்கப்புறம் அவன்கிட்ட யாராச்சும் பேசுனாங்களா? அதச் சொல்லு மொதல்ல."

என்னிடம் பதில் இல்லை. தொலைக்காட்சியில் காட்டியது அவர் தனியாக உட்கார்ந்திருந்ததை மட்டும்தான்.

அன்றிரவே அண்ணன் பக்கம் சாய்கிற மாதிரி ஒன்று நடந்தது. ரேஞ்சர்ஸின் அடோலிஸ் கார்சியா ஹூஸ்டனில் நான்கு முறை மட்டையோடு வந்து நான்கு முறையும் ஸ்ட்ரைக்-அவுட். வெள்ளியன்று அவர் மேல் பந்து பட்டு இரு அணிகளும் மைதானத்துக்குள் இறங்கிய தகராறு இருந்ததால், ஊரே அவரைக் கூவி விரட்டியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஐந்தாவது முறையாக வந்தார். மூன்று பேஸிலும் ஆள். அடித்தார் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன். மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் ரேஞ்சர்ஸ் 11-4 என்று எடுத்து உலகத் தொடருக்குப் போனது. ஹூஸ்டனுக்கு எதிரான அந்த ஏழு ஆட்டங்களில் கார்சியா 15 ரன்களை வீடு சேர்த்தார். நான்கு தோல்விகளும் அவர் பெயரில் மட்டும் இருந்ததால்தான் ஐந்தாவது அடியும் அவருக்கே முழுதாகச் சொந்தமாயிற்று. அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. பேஸ்பாலின் கணக்கு ஒருவனைத் தனியாக்குவது உண்மை, அந்தத் தனிமைக்கு இப்படி ஒரு விலையும் கொடுக்கிறது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிலடெல்பியாவுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. திங்களன்று சொந்த ஊரில் 5-1 என்று தோற்றார்கள். செவ்வாயன்று, அந்த அணியின் நீண்ட வரலாற்றிலேயே முதல் ஏழாவது ஆட்டம். 4-2 தோல்வி. ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் இருக்க, ட்ரே டர்னரும் பிரைஸ் ஹார்ப்பரும் அடித்த பந்துகள் ஃபீல்டர் கையில் போய் அடங்கின. நிக் கேஸ்டெல்லானோஸ் முதல் ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன் அடித்ததோடு சரி. மட்டைகள் எல்லாம் சேர்ந்து மௌனமானதால் தோற்ற தொடர் அது. மறுநாள் அலுவலகத்தில் காபி எடுக்கப் போன இடத்தில் கேட்ட பெயர் கிம்ப்ரெல்தான். ஏட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

நெப்ராஸ்காவும் கடைசியில் ஜெயிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நவம்பரில் விஸ்கான்சின் தன் ஊரில் 3-0 என்று பழி தீர்த்தது. டிசம்பரில் தம்பாவில் நடந்த தேசிய இறுதியில் டெக்சாஸ் 3-0 என்று முடித்தது, மூன்றாவது செட் 25-11. டெக்சாஸின் சர்வீஸ் முன்னால் நெப்ராஸ்காவின் முன்கைகள் நிலைகுலைந்தன. அரை அடி நகர்ந்து நிற்பதெல்லாம் அன்று போதவில்லை, யார் பக்கம் நகர்வது என்றே தெரியாமல் எல்லார் பக்கமும் பந்து விழுந்தது. பகிர்ந்துகொண்டால் ஜெயிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று தோற்றது யார் என்று கேட்டால் நெப்ராஸ்கா என்றுதான் பதில் வரும், ஒரு பெண்ணின் பெயர் வராது. எனக்கு அதுதான் முக்கியம்.

டாட்ஜர் ஸ்டேடியத்தில்

2025 அக்டோபர் 9. பில்லீஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், நான்காவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. பதினொன்றாவது இன்னிங்ஸ், 1-1. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். மேட்டில் பில்லீஸின் ஓரியன் கெர்க்கரிங், வயது இருபத்துநான்கு. ஆண்டி பாஹெஸ் அடித்த பந்து அவரை நோக்கியே உருண்டு வந்தது. கையில் பட்டு, நழுவி, காலடியில் விழுந்தது. எடுத்து முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் நேரம் இருந்தது. கேட்சர் ஜே.டி. ரியல்முட்டோ முதல் பேஸைக் கையால் சுட்டிக் காட்டினார். கெர்க்கரிங் கேட்சர் பக்கமே எறிந்தார், பந்து அவரைத் தாண்டிப் போனது. ஆட்டம் முடிந்தது, ஆண்டும் முடிந்தது.

பிழை கெர்க்கரிங் பெயரில். தோல்வி அவர் பெயரில் இல்லை. வெற்றி ரன் எடுத்த ஓட்டக்காரரை பேஸில் ஏற்றிவிட்டு ஏற்கெனவே வெளியே போயிருந்த ஹெசூஸ் லுசார்டோ பெயரில். அதே பழைய கணக்கு. ஆனால் 2023-ல் நான் பார்க்காத ஒன்றையும் அன்று பார்த்தேன். முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றவரிடம் தாம்சன் வந்தார், சக ஆட்டக்காரர்கள் வந்தார்கள். வலது ஃபீல்டிலிருந்து கேஸ்டெல்லானோஸ் ஓடி வந்து தோளில் கை போட்டார்.

அந்தக் காணொளியை அண்ணனுக்கு அனுப்பினேன். தோளில் கை போட்டதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அவர் கேட்டது வேறு.

"அந்தக் கீப்பர் கையக் காட்டுனானே, அம்பதாயிரம் பேர் கத்துற எடத்துல அது எப்படித் தெரியும்? பந்து வர்றதுக்கு முன்னாடியே கிட்டப் போயி, வந்தா எங்க போடணும்னு ஒருவாட்டி சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம், சொல்லியும் இருந்திருப்பார்கள். ஆனால் நினைத்தபோதெல்லாம் போக முடியாது. ஆட்டம் நீளக் கூடாது என்பதற்காக, பிட்ச்சரின் மேட்டுக்கு யாரும் நடந்து போய்ப் பேசுவதை பேஸ்பால் எண்ணி வைத்திருக்கிறது. 2023-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து முறை. 2024-லிருந்து நான்கு. பந்துக்குப் பந்து கடிகாரம் வேறு ஓடுகிறது. வாலிபாலில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் இலவசமாகக் கிடைக்கும் அந்த இரண்டு நொடியை இங்கே ரேஷனில் கொடுக்கிறார்கள். பாக்ஸ் ஸ்கோரில் 'அணி' என்று ஒரு வரி சேர்க்க இந்த ஆட்டம் சம்மதிக்கப் போவதில்லை, அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகு அதை நான் முன்பு போல வற்புறுத்தவும் இல்லை. இந்த நான்கு என்ற எண்ணை மட்டும் அக்டோபரிலாவது எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. கேட்சருக்குத் தோன்றும்போதெல்லாம் போய்ப் பேசட்டும். ஆட்டம் பத்து நிமிஷம் நீளும். அக்டோபரில் பில்லீஸ் ஆட்டம் பார்க்கிறவர்கள் யாரும் அந்தப் பத்து நிமிஷத்தில் தூங்கப் போவதில்லை.